காத்திருப்பின் விலை: 0870 என்னும் எண்ணின் அரசியல்

பிரிட்டிஷ் டெலிகாம் 1984-ல் தனியார்மயமானது. இரண்டு வருஷம் கழித்து, 1986-ல், 0898 என்று தொடங்கும் எண்கள் சந்தைக்கு வந்தன. கூடுதல் கட்டண எண்கள். ராசிபலன், பந்தய முடிவு, முகம் தெரியாதவர்களோடு அரட்டை, காமப் பேச்சு எல்லாம் நிமிடக் கணக்கில் விற்பனையாயின. அழைப்பவரின் பில்லில் ஏறும் பணத்தைத் தொலைபேசிக் கம்பெனியும் பேச்சை விற்பவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கண்காணிக்க இக்ஸ்டிஸ் என்ற அமைப்பும் அதே வருஷம் பிறந்தது. பிள்ளைகள் ஏற்றிவைத்த பில்லைப் பார்த்துப் பெற்றோர்களும், ஆபாசத்தைக் கேட்டு ஒழுக்கவாதிகளும் பதறினார்கள். பின்னால் அதே ஏற்பாடு கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வங்கி, காப்பீடு, விமானக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் பிரிவுக்குள் நுழைந்தபோது அவ்வளவு சத்தம் எழவில்லை. இந்த இரண்டாவது நுழைவைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர் பேசுவதற்கு யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்விக்கு முதலாளியம் முதலில் சொன்ன பதில் வேறு. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 1967-ல் தொடங்கிய 800 எண்களில் கூப்பிடுகிறவருக்குச் செலவில்லை, கம்பெனியே கட்டும். பிரிட்டனில் 1985-ல் 0800 வந்தது. கூடவே 0345: எங்கிருந்து அழைத்தாலும் உள்ளூர்க் கட்டணம், மிச்சம் கம்பெனியின் பொறுப்பு. இதில் தரும சிந்தனை ஒன்றும் கிடையாது. சரக்கை வாங்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாங்கி முடித்த அதே ஆள் பழுது என்றும் பில்லில் தப்பு என்றும் பேச வரும்போது அவர் வெறும் செலவு. அந்தச் செலவை வரவாக மாற்றும் வழியை 0870 காட்டிக்கொடுத்தது.

1990களின் இறுதியில் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது 0845 'உள்ளூர்க் கட்டணம்' என்றும் 0870 'தேசியக் கட்டணம்' என்றும் அழைக்கப்பட்டன. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பேச என்ன ஆகுமோ அதே விலைதானே? பிறகு போட்டியில் வெளியூர் அழைப்புகளின் விலை சரிந்தது. மாதம் இவ்வளவு என்று கட்டிவிட்டால் 01, 02 என்று தொடங்கும் சாதாரண எண்களுக்கு மேற்கொண்டு காசில்லாமல் பேசலாம் என்ற திட்டங்கள் வந்தன. 0870 அந்தத் திட்டங்களுக்கு வெளியே, பகல் நேரத்தில் நிமிடத்துக்கு ஏழெட்டு பென்ஸ் என்று, நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் விலையை ஏற்றவில்லை. குளம் வற்றியபோது பாறை மேலே வந்தது. அழைப்பவரின் கம்பெனி வாங்கும் காசில் ஒரு பகுதி அழைப்பைக் கொண்டுசேர்க்கும் கம்பெனிக்குப் போகும். அதிலிருந்து ஒரு பங்கு, புகாரைக் கேட்டுக்கொள்ளும் நிறுவனத்துக்கே வந்துசேரும்.

மொழியியல் வாசித்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குறிப்பான் அப்படியே இருக்கிறது, குறிப்பீடு அடியில் நழுவிவிட்டது. 'தேசியக் கட்டணம்' என்று அச்சடித்த சொல், பெரும்பாலோர் உண்மையில் கட்டிக்கொண்டிருந்த எந்தக் கட்டணத்தையும் சுட்டவில்லை. கூடுதல் கட்டணம் என்ற பெயர் 09-ல் தொடங்கும் எண்களுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக, ஜோசியக்காரருக்குக் கண்காணிப்பு இருந்தது, வங்கிக்கு இல்லை.

மனுநீதிச் சோழன் கதையில் பசு காசு கொடுத்து மணியடிக்கவில்லை. கொடுத்திருந்தால், அரசன் எழுந்துவரத் தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகைக்கும் கஜானா நிறைந்திருக்கும். 0870-ன் பொருளாதாரம் இதுதான். வேண்டுமென்றே காக்கவைத்தார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. சீக்கிரம் பதில் சொன்னால் வரவு குறையும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்தபின் யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படாது. உழைப்பு நேரம் உறிஞ்சப்படுவது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே காசாவது ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்கிற அந்தப் பதிவுக்குரல் பொய் சொல்லவில்லை. மறுமுனை ஊழியருக்கோ இதில் பங்கு ஏதும் கிடையாது; ஒவ்வொரு அழைப்பையும் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று அளக்கப்படுகிறவர் அவர்.

ஜெர்மனியில் இந்தக் காத்திருப்பையே சட்டத்தில் நேராகத் தொட்டார்கள். 2012 செப்டம்பரில் ஓரளவுக்கும், 2013 ஜூனிலிருந்து முழுமையாகவும், நிமிடக் கணக்கில் ஏறும் கூடுதல் கட்டண எண்களில் காக்கவைக்கும் நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்றாயிற்று. பிரிட்டனில் ஒழுங்காணையமான ஆஃப்காம் சுற்றிச் சுற்றி வந்தது. 2007-ல் 03 என்று தொடங்கும் எண்கள் வந்தன: சாதாரண விலை, பங்குப்பணம் கிடையாது. 2009 ஆகஸ்டில் 0870-க்கும் பங்குப்பணம் நிறுத்தப்பட்டது. கம்பெனிகள் பலவும் 0844, 0871 என்று பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ம் வருஷத்து நெறியாணையை ஒட்டி, பொருளை வாங்கியவர் அதுபற்றிப் பேச அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதி 2014 ஜூன் 13 முதல் பிரிட்டனில் நடப்புக்கு வந்தது. நிதிச் சேவைகள் அதில் விலக்கு. அவர்களைப் பிடிக்க 2015 அக்டோபர் வரை ஆயிற்று. அடிப்படைக் கட்டணம் என்றால் என்ன என்பதற்கே 2017 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஜெர்மன் வழக்கில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனியின் 0180 எண்ணுக்குச் செல்பேசியிலிருந்து நிமிடத்துக்கு 0.42 யூரோ. சாதாரண எண்ணுக்கு ஆவதைவிட அதிகம் கூடாது என்றது நீதிமன்றம்.

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். அரசு என்ன செய்துகொண்டிருந்தது? டாக்டரைப் பார்க்க நேரம் கேட்பதற்கே 0844-ஐ அழைக்க வேண்டிய மருத்துவமனைகள் இருந்தன. 2010 ஏப்ரலில்தான் ஒப்பந்தத்தை மாற்றித் தடுத்தார்கள். 2013-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் மத்திய அரசின் தொலைபேசி எண்களை ஆராய்ந்தது. மூன்றில் ஒரு பங்கு அதிகக் கட்டண எண்கள். 2012-13-ல் மக்கள் அவற்றில் செலவழித்தது சுமார் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு. அதில் 2 கோடியே 60 லட்சம் வெறுமனே காத்திருந்ததற்கு. அந்தக் காசு யார் கைக்குப் போயிற்று என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். யார் கையிலிருந்து போயிற்று என்பதில் குழப்பமில்லை. உதவித்தொகைக்காக அழைக்கிறவர்களில் வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் உண்டு. முன்பணம் போட்ட செல்பேசிதான். அதிலிருந்து அழைத்தால் 0845 பல மடங்கு.

2013 டிசம்பரில் அமைச்சரவை அலுவலகம் துறைகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. வேலை, ஓய்வூதியத் துறையின் எண்கள் 0845-லிருந்து 0345-க்கு நகர்ந்தன. பங்குப்பணம் இல்லை, விதிப்படி அது அடிப்படைக் கட்டணம். 2017 அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் நாடாளுமன்றத்தில் எழுந்து, யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கான எண்ணைப் பற்றிக் கேட்டார். சில செல்பேசிகளிலிருந்து அந்த அடிப்படைக் கட்டணம் நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை. விண்ணப்பித்தவர் கைக்கு முதல் பணம் வர அப்போது ஆறு வாரம் ஆகும். பணம் எங்கே என்று கேட்பதற்கு இந்த விலை. ஒரு வாரத்தில் அமைச்சர் டேவிட் காக் அதை இலவச எண் ஆக்குவதாக அறிவித்தார். துறையின் மற்ற உதவி எண்களும் அந்த வருஷ முடிவுக்குள் அப்படியே ஆகும் என்றார். புதிய எண் 0800 என்று தொடங்கியது.