விளங்கா மேற்கோள்

கோடு எழுதுகிறவனுக்கு மேனுவல் எழுதப் பிடிக்காது. அதனாலேயே பல நிரல்மொழிகள் கூடவே ஓர் ஆவணமாக்கியையும் வைத்திருக்கின்றன. நிரலுக்கு நடுவில் நாலு வரி விளக்கம் எழுதி வைத்தால் போதும். அதைப் பிரித்தெடுத்து, தலைப்பும் அகராதியும் சேர்த்து, படிக்கிற பக்கமாக்கித் தரும். டொனால்ட் கனூத் 1984-ல் இதற்கு இரண்டு கருவிகள் காட்டினார். ஒரே கோப்பிலிருந்து ஒன்று நிரலை எடுக்கும், இன்னொன்று அச்சுப் பக்கத்தை. பிறகு ஜாவாவோடு ஜாவாடாக் வந்தது.

ரஸ்ட் மொழியின் ரஸ்ட்டாக் ஒரு படி மேலே. விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணத்தை அதுவே ஓட்டிப் பார்க்கும். ஆனால் இணைப்புகளில் ரொம்ப நாள் சொதப்பல்தான். வேறொரு வகையைச் சுட்ட வேண்டுமானால், அதன் பக்கம் எந்தக் கோப்பில் விழும் என்று நாமே கணக்குப்போட்டு முகவரி எழுதணும். யாராவது அதை வேறு இடத்துக்கு நகர்த்தினால் இணைப்பு செத்துப்போகும், ஒருத்தருக்கும் தெரியாது. பெயரை மட்டும் எழுதினால் கருவியே தேடிக்கொள்ளட்டும் என்ற முன்மொழிவு 2017-ல் வந்தது. நிலையான பதிப்பில் சேர்ந்தது 2020 நவம்பரில், 1.48-ல்.

மூன்று வருஷம் ஏன்? ஒரே பெயரில் வகையும் இருக்கலாம், சார்பும் இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ஓரிடத்தில் எழுதிய விளக்கம் இன்னொரு நூலகத்தின் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே அந்தப் பெயருக்குப் பொருளே இருக்காது. எழுதியவர் எங்கே நின்று எழுதினாரோ அங்கே போய்த்தான் தேட வேண்டும்.

இதே வேலையைக் கையால் செய்தவர் உ.வே.சாமிநாதையர். அவரை அதில் இறக்கிவிட்டது எங்க ஊர்க்காரர், சேலம் இராமசுவாமி முதலியார்.

1880-ல் முதலியார் கும்பகோணத்தில் முன்சீப். ஐயர் அங்கே கல்லூரி ஆசிரியர். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் பட்டியல் போட, முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிட்டு, பிறகு கைப்பிரதி ஒன்றையும் கொடுத்தார். (இந்தக் காட்சி தெரியாத தமிழ் மாணவர் இல்லை. அந்தப் பிரதிக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.)

ஏட்டு வழக்கில் புள்ளி கிடையாது, பத்தி கிடையாது. மூலமும் உரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எது பாட்டு, எது விளக்கம் என்று பிரிப்பதே முதல் வேலை. அடுத்தது நச்சினார்க்கினியர். அவர் உரை முழுக்க மேற்கோள்கள். பெரும்பாலும் நூல் பெயர் சொல்ல மாட்டார், பிறரும் இப்படிச் சொன்னார்கள் என்பதோடு சரி. அவர் காலத்து வாசகருக்கு அது போதுமாக இருந்திருக்கும். ஐயர் காலத்தில் அந்த நூல்களே ஏட்டுக்கட்டுகளுக்குள் மறைந்து கிடந்தன. திருவாவடுதுறை மடத்தில் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் கைக்கு வந்து, வரிவரியாகப் படித்த பிறகுதான் பல மேற்கோள்களுக்கு வீடு தெரிந்தது. சமணச் செய்திகளுக்குக் கும்பகோணத்துச் சமணர்களையே போய்க் கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது.

எனக்கு அவருடைய பதிப்புகளில் மிகவும் பிடித்தது பின்பகுதி. அரும்பத அகராதி, மேற்கோள் அகராதி எல்லாம் முடிந்தபின், விளங்கா மேற்கோள் என்று ஒரு பட்டியல் வரும். எந்த நூலில் உள்ளது என்று கண்டுபிடிக்க முடியாதவை. பெயர் கிடைக்காதபோது ரஸ்ட்டாக்கும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது: பக்கத்தை உருவாக்கிவிட்டு, இந்த இணைப்பு எங்கே போகிறதென்று தெரியவில்லை என எச்சரிக்கும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்த எச்சரிக்கையை ஒரு வரி போட்டு அணைத்து வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். பில்ட் லாக் மஞ்சளா தெரியுதாம்.