கள்ளுப் பாணும் காற்றுக் குழாயும்

டின்னில் அடைத்த ஈஸ்ட் கடைக்கு வருமுன் இலங்கைப் பேக்கரிகளில் பாண் மாவைப் பொங்கவைத்தது கள்ளுத்தான். எங்கள் அப்புவின் போறணையிலும் அதே வழக்கம். விடிய இறக்கிய கள்ளை மாவில் விட்டுக் குழைத்து, ஈரச் சாக்கால் மூடிவைப்பார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஒருநாள் கள்ளு மறுநாள் கள்ளு மாதிரி இராது. ஈஸ்ட் எனும் மதுவத்தோடு பற்றீரியாவும் கலந்திருப்பதால் சில நாள் பாண் புளித்துப்போகும், சில நாள் எழும்பாது. வாடிக்கையாளரின் ஏச்சு அப்புவுக்குத்தான்.

குழைத்த மாவுக்குள் அகப்பட்ட கொஞ்சக் காற்றை மதுவக் கலங்கள் விரைவில் தீர்த்துவிடும். அதற்குமேல் குளுக்கோசை முழுதாக உடைக்க வழியில்லை. மதுசாரமும் காபனீரொட்சைட்டுமாகப் பாதிவழியில் விட்டுவிடும். ஒரு குளுக்கோசு மூலக்கூறில் அப்போது தேறுவது, கலம் சக்திக்காகச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் 2 மட்டுமே. ஒட்சிசன் இருந்தால் அது நீரும் காபனீரொட்சைட்டுமாகும்வரை உடைந்து பல மடங்கு சக்தி தரும். எங்கள் உடற்கலங்களில் 30 அளவில் கிடைக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகம் இதை இரண்டு சமன்பாடுகளில் முடித்துவிடும். ஆனால் இது வெளிச்சத்துக்கு வந்தது சாராயம் வடிப்பவர்களின் தொட்டிகளில்.

1856இல் பிரான்சின் லீல் நகரில் பீற்றூட் சாற்றிலிருந்து மதுசாரம் வடித்த பிகோ என்பவரின் தொட்டிகள் சில பழுதாகின. அவருடைய மகன் லூயி பாஸ்டரிடம் படித்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் சாற்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான மதுவக் கலங்கள். பழுதானதில் அவற்றைவிடச் சிறிய, கோல் வடிவ உயிர்கள், லக்ரிக் அமிலம். அந்த ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. காற்றுத் தாராளமாகக் கிடைத்தால் மதுவம் பெருகும், மதுசாரம் குறையும் என்று 1861இல் காட்டினார்.

மதுசாரம் விற்பவருக்கு இதில் என்ன லாபம்? ஈஸ்ட் விற்பவருக்கோ புதையல். வியன்னாவில் அதுவரை தொட்டியில் மேலெழும் நுரையை வழித்து, கழுவி, அழுத்திப் பேக்கரிகளுக்கு விற்றார்கள். மதுசாரமும் அதே தொட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொட்டிகளுக்குள் காற்றுக் குழாய்கள் இறங்கின. ஈஸ்ட் கூடியது. ஆனாலும் மதுசாரம் ஒழியவில்லை. சீனி அளவுக்கு மிஞ்சினால், காற்றிருந்தும் மதுவம் மதுசாரம் செய்யும். இந்தப் பேராசைதான் முதலாளிமாரை நெடுங்காலம் அலைக்கழித்தது. முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைச் சிறிதுசிறிதாக விட்டு, காற்றை விடாமல் ஊதும் முறை வந்தது. இன்றைய ஆலைகளும் ஏறக்குறைய அப்படியே நடக்கின்றன.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. ஆலையில் காற்றூதி, மதுசாரம் வராமல் பார்த்துப் பார்த்து வளர்த்த கலத்தைப் பேக்கரியில் காற்றில்லாத மாவுக்குள் தள்ளுகிறோம். அது உடனே மதுசாரம் செய்யத் தொடங்குகிறது. பாண்காரருக்கு வேண்டியது கூடவரும் வாயு மட்டும். மதுசாரத்தின் பெரும்பகுதி போறணைச் சூட்டில் ஆவியாகிவிடும்.