தப்பான எடை, சரியான கண்டுபிடிப்பு

போன எபிசோடில், தொலைதூர விண்மீன் மண்டலங்களில் இருக்கும் வாயுவை விஞ்ஞானிகள் எடை போட்டுவிட்டார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். ஒரு நேயர் விடவில்லை. "தராசு எங்கேங்க இருக்கு?" என்று எழுதினார். நியாயமான கேள்வி. இன்று அந்தத் தராசின் கதை.

நட்சத்திரம் பிறக்க, குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். சிக்கல் என்னன்னா, மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருக்கிற அந்த ஹைட்ரஜன் ஏறக்குறைய எந்த அலையையும் வெளியிடாது. அதனால், அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடைத் தேடுகிறோம். புகையை வைத்து நெருப்பைக் கண்டுபிடிக்கிற மாதிரி. 1970-ல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து, ஓரியன் நெபுலாவில் அதன் 2.6 மில்லிமீட்டர் அலையைப் பிடித்தார்கள்.

21 வருஷம் கழித்து, அதே மலை. பழைய தொலைநோக்கிக்கே புதுக் கிண்ணம் பொருத்தி 12 மீட்டர் ஆக்கியிருந்தார்கள். ராபர்ட் பிரவுனும் பால் வாண்டன் பௌட்டும் அதை எஃப்10214 என்ற மண்டலத்தின் பக்கம் திருப்பினார்கள். அங்கிருந்து ஒளி கிளம்பி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கார்பன் மோனாக்சைடு கிடைத்தது! அவ்வளவு தூரத்தில் அது தென்பட்டது அதுவே முதல் முறை. வாயுவின் எடையோ நம்ப முடியாத அளவு.

உண்மையிலேயே நம்பியிருக்கக் கூடாதுதான். அடுத்த வருஷமே, ஸ்பெயினில் உள்ள 30 மீட்டர் தொலைநோக்கியில் அளந்தபோது சிக்னல் பல மடங்கு குறைந்தது. 1990-களின் நடுவில் இன்னொரு உண்மை வெளிவந்தது. வழியில் இருக்கிற வேறொரு மண்டலம், ஈர்ப்பு விசையால் பூதக்கண்ணாடி மாதிரி அந்த ஒளியைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. பெருக்கம் சுமார் 10 மடங்கு.

அதோடு முடியவில்லை. 'இவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்றால் இவ்வளவு ஹைட்ரஜன்' என்ற கணக்குதான் இந்தத் தராசின் படிக்கல். அது நம் பால்வெளியில் செதுக்கியது. நட்சத்திரங்கள் வெறிகொண்டு பிறக்கும் மண்டலங்களுக்கு, அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பொருந்தும் என்று பிறகு தெரிந்தது.

அப்போ 1991 தோல்வியா? இல்லைங்க. எடைதான் தப்பு, வாயு அங்கே இருந்தது நிஜம். அந்த நம்பிக்கையில்தான் தேடல் தொடர்ந்தது. 2003-ல், பிரபஞ்சம் பிறந்து 100 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து குவாசர் ஒன்றிலும் இதே வாயுவைக் கண்டார்கள். இன்று சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், ஆல்மாவின் 66 ஆன்டெனாக்கள் இதையே தேடுகின்றன. ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் மண்டலங்களில் வாயு இன்றைவிடப் பல மடங்கு அதிகம், அது தீரத்தீர நட்சத்திரப் பிறப்பும் குறைந்தது என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது.

ஆகவே அந்த நேயருக்கு என் பதில்: தராசு இருக்குங்க. படிக்கல்லைத்தான் இன்னும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 'எடை போட்டுவிட்டார்கள்' என்று நான் சொன்னது அவசரம். 'எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்று திருத்திக்கொள்கிறேன்.