முரசை மூடிய மடல்

1758இல் லின்னேயசு 'சிக்காடா' என்னும் பேரினத்தை அமைத்தபோது, உண்மையான சில்வண்டுகளோடு இலைத் தத்துப்பூச்சிகளையும் நுரைக்குள் வளரும் பூச்சிகளையும் அதற்குள் சேர்த்தே அடைத்தார். சுவீடனில் வாழ்ந்தவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். மலாய்க் காட்டின் அந்தி ஓசை அவர் செவிக்கு எட்டியதில்லை.

அந்நிலத்தை நேரில் கண்டவர் வில்லியம் லூகஸ் டிஸ்டன்ட் (1845–1922). தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்தவர். 1867இல் மலாய்த் தீபகற்பம் சென்று வந்தார். கீழைநாட்டுச் சில்வண்டுகள் பற்றிய அவரது பெருநூலைக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1889 முதல் 1892 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது. 1906இல் உலகச் சில்வண்டுகளுக்கான பெயரடைவும் வந்தது.

அவர் கைக்கொண்ட அளவுகோல் சுவையானது. ஆண் வண்டின் வயிற்று முன்பகுதியின் இருபுறமும் வரியோடிய சவ்வு ஒன்று உண்டு. தசை இழுக்க அது உள்மடங்கி மீள்கிறது, அதுவே ஒலி. (சிறகை உரசிப் பாடுவது சுவர்க்கோழி. இரண்டையும் ஒன்றாக்கும் உரைகாரர்கள் நம்மிடையே உண்டு.) அம்முரசை மூடும் மடல் முழுதாக உள்ளதா, பாதியா, அறவே இல்லையா என்று பார்த்து மூன்று துணைக்குடும்பங்களை வகுத்தார் டிஸ்டன்ட். பாடும் உறுப்பைக் கொண்டு பகுத்தார். பாட்டைக் கொண்டு அல்ல. ஊசி குத்தி உலர்ந்த உடல் எப்படிப் பாடும்?

அப்பகுப்பு நிலைக்கவில்லை. மடல் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியும் மறைந்தும் இருக்கிறது. 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு நான்கு துணைக்குடும்பங்களைக் காட்டியது. மறு ஆண்டு தென்னமெரிக்காவிலிருந்து ஐந்தாவது சேர்ந்தது. டிஸ்டன்ட் துணைக்குடும்பமாக உயர்த்திய கேயானா வகையினர் இன்று சிக்காடினேவுக்குள் ஒரு சிறு கணம் மட்டுமே.

இனங்களின் தொகை 3000ஐக் கடந்துவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தன. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் சிறகு விரிக்கும் மெகாபொம்போனியா இம்பரேட்டோரியா அங்கேதான் வாழ்கிறது. துந்துபியா என்றொரு பேரினமும் உண்டு. 1843இல் பிரெஞ்சுக்காரர் இட்ட அப்பெயர் நமக்கு முரசையன்றி வேறெதை நினைவூட்டும்? சிள்வீடு, சிதடி என்று ஓசையைக் கேட்டே பாலையைப் பாடிய மரபு நம்முடையது.

உருவில் பிரித்தறிய இயலாத இனங்களை ஓசை பிரித்துக் காட்டும் என்பது ஒலிப்பதிவுக் கருவி வந்தபின்தான் உறுதிப்பட்டது. டிஸ்டன்டின் சேகரிப்பில் இருந்த 50,000 மாதிரிகளை 1920இல் லண்டன் அருங்காட்சியகம் வாங்கியது. அக்காலச் சீட்டுகள் பலவற்றில் இடப்பெயராகத் தீவின் பெயர் ஒன்றே இருக்கும். அவ்வுடலுக்குரிய குரலைக் கேட்க வேண்டுமானால் அந்தக் காட்டுக்குத்தான் திரும்பப் போகவேண்டும். மலாயாவிலும் போர்னியோவிலும் தாழ்நிலக் காடுகள் பல இப்போது எண்ணெய்ப் பனைத் தோட்டம்.