பொதிகையில் நின்ற காந்த ஊசி

காந்த ஊசி எப்போதும் வடக்கு நோக்கி அசையாது நிற்கும் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அது முழு உண்மை அன்று. நுட்பமான கருவிகொண்டு நோக்கின், அவ்வூசி நாள்தோறும் சிறிது அசைந்து மீள்வதும், சில நாட்களில் பெரிதும் தடுமாறுவதும் புலனாகும். அத்தடுமாற்றத்திற்குக் காந்தப்புயல் என்று பெயர். அதன் காரணத்தைத் தேடிய வரலாற்றில் அகத்தியர் மலைக்கும் ஓர் இடம் உண்டு.

1840-ஆம் ஆண்டையொட்டி, உலகின் பல பகுதிகளிலும் ஒரே முறையில் காந்த அளவுகளைக் குறிக்கும் முயற்சி எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நிலையங்கள் அமைத்தது. சிங்கப்பூரில் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் என்பவர் 1841 முதல் 1845 வரை அப்பணியை நடத்தினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாய்வுக்கூடமும் இப்பணியில் ஈடுபட்டது.

1852-இல் அக்கூடத்தின் தலைமையை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் புரூன். தாழ்நிலத்து அளவுகள் மலையுச்சியில் மாறுமா என்று அறிய விரும்பிய அவர், பொதிகையின் அகத்தியர் கொடுமுடியில், ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில், 1855-இல் ஒரு நிலையம் அமைத்தார். மழையிலும் குளிரிலும் அங்கிருந்து ஊசியை நோக்கிக் குறித்தவர்கள் உள்ளூர் உதவியாளர்களே.

இக்குறிப்புகளைப் பிற நாட்டுக் குறிப்புகளோடு ஒப்பிட்ட புரூன் ஓர் உண்மையைக் கண்டார். பூமியின் கிடைமட்டக் காந்தவிசை ஒருநாளிலிருந்து மறுநாளைக்கு மாறும் போக்கு, உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இத்தகைய மாற்றங்கள் சுமார் 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்புவதையும், அக்காலம் ஞாயிறு தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு ஒட்டியிருப்பதையும் அவர் காட்டினார். ஆனால், கடல் கடந்த ஊர்களிலெல்லாம் விசை ஒருங்கே குறைவானேன்? இதற்கு அக்காலத்தில் விடை இல்லை.

விடை கிடைக்க நூறாண்டு ஆயிற்று. ஞாயிற்றிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாது வீசுகின்றன. துகள்களின் இந்நிலையே பிளாஸ்மா எனப்படும். பூமியின் காந்தப்புலத்தில் சிறைப்பட்ட துகள்கள் நம்மைச் சூழ்ந்து கதிர்வீச்சு வளையங்களாக நிற்பதை, எக்ஸ்புளோரர்-1 துணைக்கோளின் கருவிகொண்டு 1958-இல் வான் ஆலன் கண்டறிந்தார். காந்தப்புயலின்போது இத்தகைய துகள்கள் பூமியைச் சுற்றி ஒரு பெரும் மின்னோட்டமாக ஓடுகின்றன. அவ்வோட்டத்தின் காந்தவிசை பூமியின் விசைக்கு எதிரானது. ஆதலால் வெப்பமண்டல ஊர்களிலெல்லாம் விசை ஒருங்கே குறைகிறது.

அத்துகள்களுக்கு வேகம் தருவன எவை? அவற்றைச் சிதறடிப்பன எவை? பெரும்பாலும் அலைகளே. பிளாஸ்மாவில் காந்த விசைக்கோடுகள் மீட்டிய வீணைத் தந்திபோல் அதிரக்கூடும் என்று 1942-இல் சுவீடன் அறிஞர் ஆல்வேன் கூறினார். மின்னலில் பிறந்த அலை, காந்தக்கோட்டின் வழியே விண்ணில் நெடுந்தூரம் சென்று, பூமியின் மறுபாதியில் சீழ்க்கை ஒலிபோல் இறங்குவதை 1953-இல் ஸ்டோரி விளக்கினார். சில அலைகள் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரைவுபடுத்துகின்றன. வேறு சில அவற்றை வளிமண்டலத்துள் வீழ்த்துகின்றன. 2012 முதல் 2019 வரை இயங்கிய வான் ஆலன் ஆய்கலங்கள் இதனை நேரில் அளந்தன. துணைக்கோள்களைப் பழுதாக்கும் துகள்கள் இவையே ஆதலின், இவ்வறிவு இன்று இன்றியமையாதது.

மணிக்கொருமுறை எழுதப்பட்ட பழைய ஏடுகளில் அவ்விரைந்த அலைகள் பதியவில்லை. புயலின் விளைவே பதிந்தது. ஆயினும் புரூன் 1874-இல் வெளியிட்ட அளவுகள் பொய்யாகவில்லை; அவற்றின் பொருளே பின்னர் விரிந்தது. இன்று பொதிகைக்கு அருகே திருநெல்வேலியில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அப்பணியைத் தொடர்கிறது.

எங்கள் ரிங்லெட் தோட்டத்தில் அன்றாடம் மழையளவைக் குறித்து வைக்கும் கிராணியாரைப் பார்த்து, “இது எதற்கு?” என்று மாணவர் கேட்பதுண்டு. காரணம் விளங்கிய பின்னரே எழுதுவோம் என்று பொதிகையில் இருந்தோர் எண்ணியிருந்தால், பின்வந்தோர்க்கு ஏடே இருந்திராது. விளங்காததையும் திருத்தாமல், விடாமல் எழுதி வைப்பது அறிவியலின் முதற்பாடம். அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் போதும்.