சென்னையில் இரண்டு கிறிஸ்துமஸ்

திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் திருக்கணிதமாகவும் இருக்கலாம். அதனால் சனிப்பெயர்ச்சி எப்போது என்பதில் ஒவ்வொரு முறையும் ஒரு குழப்பம். கோகுலாஷ்டமியும் அப்படித்தான். ஸ்மார்த்தர் வீட்டில் சீடை தீர்ந்த பிறகுதான் பல ஆண்டுகளில் வைஷ்ணவர் வீட்டில் கண்ணன் பிறப்பான். கிறிஸ்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, டிசம்பர் 25 என்றால் 25தான் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு.

ஆனால் நம் சென்னையிலேயே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு கிறிஸ்துமஸ் நடந்திருக்கிறது. சாந்தோமில் கத்தோலிக்கர்கள் கொண்டாடி முடித்துப் பத்து நாள் கழித்துத்தான் ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர்கள் கொண்டாடுவார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே மூன்று, நாலு மைல்தான் தூரம். இரு தரப்பாருமே அன்றைக்கு டிசம்பர் 25 என்றுதான் சொல்வார்கள்.

காரணம் இதுதான். ஜூலியஸ் சீசர் காலத்துப் பழைய நாட்காட்டியில் ஓர் ஆண்டின் நீளம் உண்மையைவிடச் சற்றே அதிகம். அந்தப் பிழை சேர்ந்து சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் பத்து நாள் ஆகிவிட்டது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அந்தப் பத்து நாளைத் தள்ளிவிட்டுப் புது நாட்காட்டி கொண்டுவந்தார். போர்ச்சுக்கல், ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் உடனே ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்து ஏற்கவில்லை. போப்பின் அதிகாரத்தை மறுத்துத் தனிச் சபை கண்ட நாடு, அவர் சொன்ன தேதியை மட்டும் ஏற்குமா? ஆகவே 1639இல் நம் கடற்கரையில் இடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், தங்கள் பழைய நாட்காட்டியையும் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள்.

கோட்டைக்குள் முதல் நாற்பது ஆண்டுகள் ஆங்கிலேயர்களுக்கென்று தேவாலயக் கட்டடம் கிடையாது. கம்பெனி மாளிகையில் ஓர் அறையில் ஜெபம் நடக்கும். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது, அங்கே வாழ்ந்த ஆங்கிலேயர்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டியதுதான் இன்றும் கோட்டைக்குள் நிற்கிற செயின்ட் மேரீஸ். 1678 மார்ச் 25 அன்று அடித்தளம் போட்டார்கள். அது மரியாளுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். கோவிலுக்கு மரியாளின் பெயர் வந்தது அதனால்தான். அந்தத் தேதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அந்தக் கால இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்ததே மார்ச் 25இல்தான். அதாவது, 1678ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர்கள் கல் நாட்டினார்கள். நாம் சித்திரை முதல் தேதி பார்த்துக் காரியம் தொடங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாள் அவர்கள் கணக்கில் 1677. பழைய கோட்டை ஆவணங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு 1679/80 என்று இரட்டை ஆண்டு போட்டிருப்பதன் காரணமும் இதுவே.

1680 அக்டோபர் 28, சீமோன், யூதா என்ற அப்போஸ்தலர்களின் திருநாள் அன்று கோவில் பிரதிஷ்டை ஆனது. ஒரே வாரத்தில், நவம்பர் 4 அன்று, அங்கே முதல் கல்யாணம். மாப்பிள்ளை எலைஹு யேல். பிற்பாடு இங்கே கவர்னராகி, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தாரே, அவரேதான்.

அந்தச் சபையின் பண்டிகைகள் எல்லாம் அவர்களுடைய பொது ஜெப புத்தகத்தின்படி நடந்தன. 1662இல் வந்த பதிப்பு அது. சபையார் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை திருவிருந்தில் பங்கேற்க வேண்டும், அதில் ஒன்று ஈஸ்டராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சொந்த ஊர் அரசியலும் அந்தப் புத்தகத்தில் பண்டிகையாக இருந்தது. பாராளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்ட நவம்பர் 5க்கு நன்றி ஆராதனை; முதலாம் சார்ல்ஸ் அரசர் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30க்கு உபவாசம். லண்டனிலிருந்து ஒரு கடிதம் வர ஆறு மாதம் ஆகும். இங்கே வந்தவர்களில் பலர் காய்ச்சலிலும் பேதியிலும் இளம் வயதிலேயே மண்ணுக்குப் போனார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, இன்று ஊரில் நம் அம்மாவும் இதே ஜெபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு சாதாரணமானதல்ல. அக்கம்பக்கத்தில் என்ன தேதி நடந்தாலும், ஊர்த் தேதியை விட அவர்களுக்கு மனம் வந்திராது.

அக்கம்பக்கத்துத் தேதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1700க்குப் பிறகு வித்தியாசம் பதினொரு நாள் ஆனது. ஆகவே கோட்டையில் கிறிஸ்துமஸ் நடக்கும் நாள், சாந்தோமிலும் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியிலும் ஜனவரி 5. அங்கெல்லாம் கிறிஸ்துமஸ் பழங்கதையாகி, மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். தமிழர்களுக்கோ அது மார்கழியின் கடைசி வாரம். சங்கராந்தி அந்தக் காலத்தில் புதிய கணக்கின்படி ஜனவரி 10ஐ ஒட்டி வந்தது. கோட்டையின் வடக்கே கறுப்பர் நகரத்தில் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் நேரத்தில் கோட்டைக்குள் கிறிஸ்துமஸ் மணி அடித்திருக்கும். ஈஸ்டர் இன்னும் சிக்கல். இரு நாட்காட்டிகளிலும் அது சில ஆண்டு ஒரே ஞாயிறன்று வரும். சில ஆண்டு ஒரு வாரமோ, நாலைந்து வாரமோ தள்ளிப்போகும்.

இத்தனை கணக்கிலும் குழம்பாமல் இருந்தவர்கள் நம் துபாஷிகள்தான். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமையோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதியிருப்பார்.

1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். சில புத்தகங்களில் அது செப்டம்பர் 10. சிலவற்றில் செப்டம்பர் 21. இரண்டும் சரியே. தோற்றவர்களுக்கு 10, வென்றவர்களுக்கு 21. கோட்டை 1749இல்தான் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது.

கடைசியில் இங்கிலாந்தும் இறங்கி வந்தது. 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்று சட்டம் போட்டார்கள். ஆசியாவில் உள்ள பிரிட்டிஷ் இடங்களுக்கும் அது செல்லும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆண்டுப் பிறப்பும் ஜனவரி 1க்கு மாறியது. ராபர்ட் கிளைவ் 1753 பிப்ரவரி 18 அன்று செயின்ட் மேரீஸில் திருமணம் செய்துகொண்டபோது, அவருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒரே தேதிதான்.

தேதி ஒன்றானதால் சமாதானம் வந்துவிட்டதா? ஆறே ஆண்டில், 1758 டிசம்பர் 14 அன்று, லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்தில் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டது. அந்த டிசம்பர் 25 இரு தரப்புக்கும் பொதுவான கிறிஸ்துமஸ். கோட்டைச் சுவருக்கு உள்ளே கவர்னர் பிகட்டின் ஆட்கள்; வெளியே லாலியின் ஆட்கள். ஒரே குழந்தை இயேசுவின் பிறந்த நாள், ஒரே தேதி. நடுவில் அகழியும் பீரங்கியும். ஜனவரியில் குண்டுமழை பலமாகப் பொழிந்தது. குண்டு தாங்கவேண்டும் என்றே மரம் இல்லாமல் கட்டிய செயின்ட் மேரீஸின் செங்கல் வளைவுக் கூரை அதையும் தாங்கி நின்றது. 1759 பிப்ரவரி நடுவில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகே முற்றுகை விலகியது. அதற்கு முன், பத்து நாள் தள்ளிக் கொண்டாடிய காலத்தில், இதே இரு கூட்டத்தாரும் பல ஆண்டுகள் சண்டையில்லாமல் வியாபாரம் செய்திருக்கிறார்கள்!

திருநாள் பார்த்துக் கோவில் காரியம் செய்யும் வழக்கம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இன்றைய கதீட்ரல் சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1816 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் பிரதிஷ்டை ஆனது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் திருநாளில் கல் நாட்டி, 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று ஆராதனைக்குத் திறந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, அதே கதீட்ரல் சாலைத் தேவாலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. வெளிநாட்டார் சபையாகத் தொடங்கியது நம் ஊர்ச் சபையானது அப்படித்தான்.

இன்று நம் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பொங்கல் எப்போது என்று கேட்டால், தமிழ்ச் சங்கத்தில் அடுத்த சனிக்கிழமை என்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வருத்தமும்தான். கோட்டைக்குள் இருந்த அந்த ஆங்கிலேயர்கள் தேதியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் தேதியை விட்டுப் பொங்கலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த முறை சனிக்கிழமைப் பொங்கல் என்று பேரப்பிள்ளை போனில் சொன்னால், தேதியைத் திருத்தாமல் வாழ்த்துச் சொல்லிவிடுங்கள்.