அத்திப்பள்ளித் தீயும் சட்ட மாணவர்களும்

2023 அக்டோபர் 7. ஓசூர் ஜூஜூவாடியைத் தாண்டினால் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்து 14 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி வேலைக்குப் போன இளைஞர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்திருந்தார்கள்.

அரசுகள் நிவாரணம் அறிவித்தன. ஆனால் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் அரசு அறிவித்துத் தருவது. இழப்பீடு, வேலை வாங்கியவர் கொடுத்தே தீர வேண்டிய கடன். அப்போது நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1995இல் ஒரு முக்கியமான திருத்தத்தைப் பெற்றிருந்தது. விபத்து எங்கே நடந்தாலும், இறந்தவரைச் சார்ந்திருந்தவர்கள் தாங்கள் வாழும் பகுதியின் ஆணையரிடமே மனு போடலாம். கெடு 2 ஆண்டுகள். எல்லை தாண்டிப் பிழைக்கப் போகும் நம் மக்களுக்காகவே எழுதியது போன்ற விதி இது. ஆனால் எழவு வீட்டில் போய் உட்கார்ந்து இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

பேரிடர் எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்கும் என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அதைப் பொய்யாக்கியது. நாகப்பட்டினம் கடற்கரையில் தலித் மக்கள் நிவாரண முகாம்களிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகு இழந்தவர் கணக்கில் வந்தார். கூலி இழந்தவர் எளிதில் வரவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 23 அன்று பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, பாலினம், சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களைச் சொல்கிறது. வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலைப் பேரிடர் ஆகியவற்றோடு சாதி வன்கொடுமையையும் ஒரே உட்பிரிவில் வைத்திருக்கிறது. சாதியும் ஒரு பேரிடர்தான் என்று நாம் சொல்வதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை ஊக்குவிப்பதும் அதே சட்டம் தரும் கடமை. பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கென்றே 2010இல் தேசிய ஆணையம் தனித் திட்டமும் வகுத்தது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. இல்லாதது, முதல் வாரத்திலேயே காலனிக்குள் வந்து நிற்கும் ஆள். சம்பளச் சீட்டு இல்லாதவர் அங்கே வேலை செய்தார் என்பதை மேஸ்திரியின் போன் அழைப்பு, கைப்பேசியில் வந்த கூலி, உடன் வேலை பார்த்தவர் வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டு நிறுவ வேண்டும். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாங்க வேண்டும். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதே, அதுபோன்ற நாளில் பட்டா இல்லாத வீடும் வாடகைக் குடித்தனமும் பட்டியலில் ஏறியதா என்று வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. 2017 முதல் தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஓசூரின் ஆலைகளும் கிடங்குகளும் பக்கத்தில்தான் இருக்கின்றன. நம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பேரிடர் சட்டப் பணியைக் கட்டாயக் களப்பயிற்சியாக்க வேண்டும் என்று நாம் கேட்போம். அடுத்த தீபாவளிக்கும் வண்டிகள் எல்லை தாண்டத்தான் போகின்றன.